பீரோவுக்கு மேலே ஒளித்த புத்தகம்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் என் பெயரைச் சொல்லப் போவதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இதில் வரும் ஸ்டெல்லாவின் பெயரும் மாற்றியதுதான். மற்றபடி நடந்தது நடந்தபடி.

போன வருஷம் ரமளான் பிறக்க நாலு நாள் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு வீட்டில் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறும்போது அண்ணன் போன் செய்தார்.

“பீரோ மேல நீ வெச்சிருந்த புத்தகத்தை அம்மா பாத்துட்டாங்க. அழுதுட்டு இருக்காங்க. வேலையை முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வா. அம்மாவை இன்னைக்கே நான் என்கூட கூட்டிட்டுப் போறேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். மூன்று வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு போனுக்குத்தான். அடிப்பார்கள் என்று பயமில்லை. சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்றுகூடப் பெரிய பயமில்லை, அவர்கள் எப்படியும் பேசுவார்கள். அம்மாவை இழந்துவிடுவேன் என்றுதான் பயம்.

நாங்கள் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா காலத்திலிருந்து ஆஸ்டின் டவுனில் இருக்கிறோம். நான் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் என் வேலை. அந்தப் போன் வருவதற்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் மாரடைப்பில் போனார். பிள்ளைகள் இல்லை. ஹெப்பகோடியில் அண்ணன் வீட்டில் இருந்த அம்மா, அந்த வாரமே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. “உன்கூட இருக்கட்டுமா” என்று கேட்கவும் இல்லை. “சாப்பிட்டியா” என்றுதான் கேட்டார். அம்மா அப்படித்தான்.

அந்த நாட்களில் ஐந்து வேளையும் தொழுதேன். குறை சொல்ல வரவில்லை, தொழுகை எனக்கு நிறையக் கொடுத்தது. ஆனால் என் நெஞ்சு காய்ந்து கிடந்தது. எழுந்து, வேலைக்குப் போய், வந்து படுப்பேன். சிரிப்பே மறந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ஜோகுபாளையத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். என் வயதுதான் அவளுக்கு. உடம்பு முடியாமல் வாரம் ஒரு முறை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. குத்திக் குத்தி அவள் நரம்பெல்லாம் உள்ளே போய்விட்டிருந்தது. முதல் நாள் மூன்று முறை குத்தியும் கிடைக்கவில்லை. எனக்கு வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. அவமானத்தில் என் கை நடுங்கியது. ஸ்டெல்லா கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்தப் பொண்ணோட கையை ஆசீர்வதியும்” என்றாள்.

நாலாவது குத்தில் கிடைத்தது. அது ஒன்றும் அதிசயமில்லை, நாலாவது குத்தில் பலருக்கும் கிடைக்கும். அதிசயம் வேறு. குத்து வாங்கியது அவள். வலி அவளுக்கு. அவளோ என் கைக்காக வேண்டிக்கொண்டாள். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பித்தேன்.

அடுத்த வாரம் நானாகவே கேட்டேன். “யாருகிட்டப்பா அப்படிப் பேசறே? பக்கத்துல உக்காந்திருக்கிற ஆள்கிட்டப் பேசற மாதிரி?” அவள் இயேசுவைப் பற்றிச் சொன்னாள். நாங்கள் அவரை ஈஸா என்போம். ஈஸா நபியை எங்களுக்கும் தெரியும், மதிப்போடு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் தொழுநோய் வந்த ஒருவரை அவர் வெறுங்கையால் தொட்டார் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். நான் நாள் முழுக்கக் கிளவுஸ் போட்டுத்தான் மனிதர்களைத் தொடுகிறேன். கிளவுஸை உருவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒருவரா என்று இருந்தது.

புதிய ஏற்பாடு ஒன்றை நான்தான் கேட்டு வாங்கினேன். அவள் தரத் தயங்கினாள். “உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. அவசரப்படாதே. சர்ச்சுக்கெல்லாம் இப்போ வர வேண்டாம். யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். ஆனா அம்மா நேரா கேட்டா பொய் மட்டும் சொல்லாதே” என்றாள். ஆள் சேர்ந்தால் போதும் என்று துடிப்பாள் என நினைத்திருந்தேன். அவள் என்னைவிட என் அம்மாவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டாள்.

அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னொரு வம்பில் மாட்டியிருக்க மாட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் போனில் ஒரு நேரலை ஜெபம் பார்த்துக்கொண்டிருந்தவள், உருகிப் போய், என் பெயர், ஏரியா, போன் நம்பர் எல்லாவற்றையும் கீழே கமென்ட்டில் டைப் செய்துவிட்டேன். நான் எந்த மதத்திலிருந்து வருகிறேன் என்பதையும் சேர்த்து. உலகமே பார்க்கும் இடத்தில். மறுநாளிலிருந்து முன்பின் தெரியாத ஆட்கள் கூப்பிட்டார்கள். ஒருவர் அந்த ஞாயிறே ஞானஸ்நானம் கொடுப்பதாகவும், அதை வீடியோ எடுத்துப் போட்டால் பலருக்குப் பிரயோஜனம் என்றும் சொன்னார்.

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். “உனக்கு மூளை இருக்கா? உன் முகத்தை வெச்சுப் படம் எடுக்கணும்னு கேக்கறவங்க உன் உயிரைப் பத்தி யோசிக்கல. அவங்க பக்கம் தலை வெச்சும் படுக்காதே.” அன்றைக்கே நம்பரை மாற்ற வைத்தாள். தெரியாத ஆட்கள் தொல்லை தருகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். அது உண்மைதானே.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். மெத்தைக்குக் கீழே வை, துணிக்கு அடியில் வை என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் வேதத்தைத் தாழ்வான இடத்தில் வைக்க மாட்டோம். அதன் மேல் எதையும் வைக்க மாட்டோம். சுத்தமான துணியில் சுற்றி உயரத்தில் வைப்போம். சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம். அதனால் புதிதாக ஒரு பச்சைத் துணி வாங்கிச் சுற்றி, பீரோவுக்கு மேலே, பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஒளூ செய்து கை, முகம் கழுவாமல் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. ஜெபிக்கும்போதும் துஆ கேட்பதுபோல் இரண்டு கையையும் ஏந்தித்தான் கேட்பேன். இன்றைக்கும் அப்படித்தான். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, “ஒளிச்சு வைக்கச் சொன்னா மகுடம் சூட்டி வெச்சிருக்கே” என்று சிரித்தாள்.

என் முட்டாள்தனம் அங்கேதான். நோன்பு வருமுன் எல்லா முஸ்லிம் வீட்டிலும் ஒட்டடை அடிப்பார்கள். மற்ற வருஷங்களில் பீரோ மேலே நானேதான் துடைப்பேன். அன்றைக்கு ஃபேன் துடைத்துத் தர அண்ணன் வந்திருந்தார். பீரோ மேல் இருந்த பெட்டியை அவர் இறக்க, பின்னால் பச்சைத் துணிப் பொதி. எங்கள் வீட்டில் உயரத்தில் துணி சுற்றி இருப்பது குர்ஆனாகத்தான் இருக்க முடியும். அம்மா அதை வாங்கி முத்தமிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் பிரித்தார். பழைய துணிக்கு அடியில் போட்டிருந்தால் யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

அல்சூர் ஏரி ஓரம் வண்டியை நிறுத்தி ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அவள் பதறவில்லை. “அண்ணன் கை ஓங்குவாரா?” என்று முதலில் கேட்டாள். கோபக்காரர், ஆனால் இதுவரை அடித்ததில்லை என்றேன். “கதவுக்குப் பக்கத்துல உக்காரு. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லு. கேக்காததைக் கொட்டாதே. நானும் இவரும் உங்க தெரு முனையில ஆட்டோவில இருப்போம். வெளிய போன்னு சொன்னா வாக்குவாதம் பண்ணாம வந்துடு, இங்க ஒரு கட்டில் உனக்குப் போட்டாச்சு.” உடம்பு முடியாதவள். அவள் வருகிறேன் என்றாள்.

ஏரிக்கரைக் கம்பி வேலி ஓரம் நின்றபடி இரண்டு கையையும் ஏந்தினேன். பெரிய ஜெபமெல்லாம் வரவில்லை. “ஈஸாவே, அம்மாவை என்கிட்டேருந்து எடுத்துடாதீங்க. உங்களையும் என்னால விட முடியாது. ரெண்டும் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியல.” அவ்வளவுதான் கேட்டேன். கேட்டபோது எனக்கே நம்பிக்கை இல்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

வீட்டில் அம்மாவின் பை தயாராக வாசலில் இருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கண் வீங்கியிருந்தது. பச்சைத் துணிப் பொதி அவர் மடியில் இருந்தது.

“இது யாருது?” என்றார் அண்ணன்.

“என்னுது.”

“படிக்கிறியா?”

“ஆமா. மூணு வருஷமா.”

“மாறிட்டியா?”

கதவுப் பக்கம் கண் போனது. “ஈஸாகிட்ட பேசறேன் அண்ணே. அவரு என்னை விடல. நானும் அவரை விட மாட்டேன்.”

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. “அம்மா, அதை இப்படிக் குடுங்க. மோரிச் சாக்கடையில வீசிட்டுக் கிளம்பலாம்” என்று கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. பச்சைத் துணியைத் தடவியபடி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இதை ஒளூ செஞ்சிட்டுத்தான் தொடுவியா?”

“ஆமாம்மா.”

“யாரு அப்படிச் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்லம்மா. நீங்க வளர்த்ததுதான்.”

அம்மா அண்ணன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “இவ புருஷன் போனதுலேருந்து ஒவ்வொரு தொழுகையிலும் இவளுக்காகத்தான் துஆ கேட்டேன். இவ மனசுக்கு ஆறுதல் குடு ரஹ்மானேன்னு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் மீன் கழுவிட்டு இருக்கும்போது இவ சிரிச்சா. என்னத்துக்குன்னு நான் கேக்கல. திரும்ப நின்னுடுமோன்னு பயந்துட்டு கேக்கல.” அம்மா அழுதார். “எனக்கு இது பிடிக்கல. என் வயிறு எரியுது. ஆனா இவளைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் வரல. பையைப் பிரிச்சு வை.”

அன்பானவர்களே, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன். நான் ஏரிக்கரையில் கேட்டது ஒரு மணி நேரத்துக்கு முன்னால். அம்மா எனக்காகத் தொழுகைப் பாயில் கண்ணீர் விட ஆரம்பித்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். நான் ஆண்டவரைத் தேடினேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். அதற்கும் முன்னாலேயே என் அம்மாவின் கண்ணீரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு பெரியவரா என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் முட்டியில் தலையைச் சாய்த்தேன். அம்மா என்னைத் தடவவில்லை. தள்ளவும் இல்லை.

அண்ணன் கதவை அறைந்துவிட்டுப் போனார். தெரு முனைக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஆட்டோவுக்குள்ளேயே அவளும் அவள் கணவரும் தலை குனிந்து நன்றி சொன்னார்கள். ஆட்டோக்காரர் மீட்டரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அம்மா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது, பெயர் வெளியே வரக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். அந்த ரமளான் முழுக்க விடியுமுன் அம்மாவின் ஸஹருக்குச் சமைத்ததும் நோன்புக் கஞ்சி காய்ச்சியதும் நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். அண்ணன் மாசக்கணக்கில் பேசவில்லை. பக்ரீதுக்குக் கறியோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், “அவளுக்கு ஈரல் பிடிக்கும், தனியா கட்டியிருக்கேன்” என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்க மாட்டேன். இத்தனை வருஷம் காத்திருந்த ஆண்டவர் இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்.

என்னைப்போல் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒன்று சொல்கிறேன். பயப்படுவது பாவமில்லை. நம்பிக்கையான ஒருவர் கிடைக்கும் வரைக்கும் யாரிடமும் எதையும் கொட்டாதீர்கள். ஆபத்து என்றால் போக ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை வளர்த்தவர்களை வெறுக்கச் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். உங்களுக்கு வரும் பயத்தையே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கேளுங்கள். நம்பிக்கை இல்லாமல் கேட்டாலும் கேளுங்கள், நான் அப்படித்தான் கேட்டேன். சபையாருக்கும் ஒன்று. எங்களில் ஒருத்தி உங்கள் வாசலில் வந்து நின்றால் கேமராவை எடுக்காதீர்கள். ஒரு கட்டிலைப் போட்டு வையுங்கள்.

போன மாதம் முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பினேன். அம்மாவிடம் மறைக்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. நான் கதவைத் திறந்த சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்தே கேட்டார்.

“எத்தனை மணிக்கு வருவே?”

“பதினொன்னரை ஆகும்மா.”

“லேட் பண்ணாதே. நீ வந்தப்புறம்தான் நான் சாப்பிடுவேன்.”