எல்லவில் ஓர் ஊதாக் கறை

போன ஞாயிறு, பதுளைப் பக்கத்து மலையூரான எல்லவுக்குப் போய்வந்த அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் நண்பன் சிவநேசன். பதுளைக் கடைத்தெருக் குடும்பத்துப் பிள்ளை. துணி வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவி சுகந்தியோடு எல்லவில் கோப்பிக் கடை போட்டிருக்கிறான். எல்லவில் தடுக்கி விழுந்தால் கோப்பிக் கடைதான். சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் அத்தனையையும் தாண்டி இவன் கடைக்குள் ஏன் நுழைய வேண்டும்? ஒரே காரணம் — அலுமாரி உயரத்தில் நிற்கும் பழைய வீடியோ கேம் மெஷின். கொழும்பில் மூடிப்போன ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து வந்தது. பட்டனைத் தட்டித் தட்டிச் சண்டை போடும் ரகம்.

அதற்குத்தான் சீக்கு. திரையின் மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை. சண்டைக்காரன் அந்தப் பக்கம் குதித்தால் முகம் பச்சையாகிவிடும். பார்க்கவே பயமாக இருக்கும்.

வெலிமடையில் டிவி ரிப்பேர் செய்யும் மோகன் வந்து பார்த்தார். படம் நகர்ந்தாலும் கறை நகரவில்லை. அப்படியென்றால் கோளாறு கேம் போர்டில் இல்லை, பிக்சர் டியூப்பில் காந்தம் ஏறியிருக்கிறது என்றார். வளையம் போன்ற ஒரு காயிலைக் கரண்டில் சொருகி, திரைக்கு முன்னால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே பின்வாங்கினார். கறை மாயம்.

மறுநாள் காலை... அதே இடத்தில் அதே கறை.

மறுபடி வந்தார், போனது. மறுநாள் அதுவும் வந்தது. ஸ்பீக்கரைக் கழற்றினார்கள். பிரிட்ஜை நகர்த்தினார்கள். மெஷினையே வேறு சுவருக்கு மாற்றினார்கள். ஊஹூம். டியூப்புக்குள் இருக்கும் தகடு வளைந்துவிட்டது, கழற்றி எறிய வேண்டியதுதான் என்று மோகன் கையை விரித்துவிட்டார். இந்த ரக டியூப்புக்கு இப்போது எங்கே போவது? மெஷின் போனால் கடை என்னாவது? சிவநேசன் முகத்தில் ஈயாடவில்லை.

நான் போயிருந்த ஞாயிறு, மோகன் சொல்லாமல் கொள்ளாமல் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார், டியூப்பைக் கழற்ற. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்கதவைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"தள்ளி நில்லுங்க அண்ணே. வயரைப் பிடுங்கினாலும் டியூப்புல கரண்டு நிக்கும். கை பட்டா தூக்கி அடிச்சிரும்."

நிற்கும் கரண்டை இறக்க, எர்த் வயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை டியூப்பின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். 'டக்'கென்று ஒரு நீலப் பொறி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். டியூப்பைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல் மூலையில்... கட்டைவிரல் உயர முருகன். நெற்றியில் சந்தனம், காலடியில் வாடாத பூ. கார்களில் ஒட்டி வைப்பார்களே, அந்த ரகம் — அடியில் காந்தம்.

"இது யாருங்க இங்க வச்சது?" மோகனுக்கு நாக்குக் குழறியது.

சமையலறையிலிருந்து சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான்தான். கதிர்காமத்துல வாங்கினது. மெஷின் நல்லா ஓடணும்னு வச்சேன்."

"நான் வந்தப்பெல்லாம் இல்லையே?"

"நீங்க வர்றீங்கன்னா எடுத்து வச்சிருவேன். சாமி மேல ஸ்க்ரூ டிரைவர் படக்கூடாதுல்ல? மறுநாள் காலையில குளிச்சிட்டு வந்து, பூ மாத்தி, திரும்ப வச்சிருவேன். இன்னைக்கு நீங்க வர்றதை யாரும் சொல்லலயே."

ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டார்கள், பிரிட்ஜைச் சந்தேகப்பட்டார்கள். அந்த மெஷினைத் தினமும் துடைக்கிற மனுஷியிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

டியூப் பிழைத்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது... குளித்த ஈரத்தோடு, தினமும் காலையில், அந்த டியூப்புக்குப் பக்கத்தில் வெறுங்கையை விட்டிருக்கிறாள்.

சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மனைவியைப் பார்த்துக் கத்தினான்.

"உள்ள எவ்வளவு கரண்டு நிக்கிது தெரியுமா? பட்டிருந்தா செத்திருப்பே, சுகந்தி."

அவள் நிதானமாக முருகனைக் கையில் வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

"அவ்வளவு கரண்டா? அப்படியும் எனக்கு ஒண்ணும் ஆகலயே. யாரு காப்பாத்தினதுன்னு நெனக்கிறீங்க?"

சிவநேசன் எழுந்து, மெஷினின் பின்கதவுக்குப் பூட்டு வாங்கக் கிளம்பிவிட்டான்.