பாவு நீட்டிய கோர்ட்

எங்கள் பால் பேட்மிண்டன் கோர்ட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்த புதுக் கற்களை நட்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிற வழியிலேயே பார்த்துவிட்டேன். போன பொங்கலுக்கு அவை இல்லை. கோர்ட் என்று நாங்கள்தான் சொல்வோம். அது தெருவின் பொது இடம். காலையில் நெசவுக்காரர்கள் பாவு நீட்டுவார்கள், அதாவது சேலையின் நீள இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள்; மாலையில் பிள்ளைகள் ஆடுவோம். இங்கே பொது இடத்தில் கல் நட்டால் அடுத்த வருஷம் அதில் சுவர் நிற்கும். அதை ஒட்டி வீடு இருப்பது ஒரே ஒரு நெசவுக்காரருக்குத்தான். என் சந்தேகம் நேராக அவர்மேல் போனது.

அந்தக் கோர்ட்டில் நான் ஆடியதற்கு ஒரு படம்கூட இல்லை. அப்பா மூட்டை தூக்கினார், அம்மா நெசவுக்காரர் வீடுகளில் நூல் சுற்றினாள். கேமராவுக்கு எங்கே போவது? அங்கே பழகிய ஆட்டம்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. சுவர் எழும்புவதற்குள் அந்த இடத்தைப் படம் எடுத்துவிட வேண்டும் என்று, சம்பளத்தில் வாங்கிய கேமராவோடு மறுநாள் காலையிலேயே போனேன்.

பாவு நீட்டியிருந்தார்கள். கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரோஸும் பச்சையுமாகப் பட்டு இழைகள் விறைத்து நின்றன. நீட்டிய பாவைத் தாண்டக்கூடாது. சின்ன வயதில் அடிவாங்கிக் கற்றது. சுற்றிப் போய், வலைக் கம்பத்தின் பக்கம் நின்று இரண்டு படம் எடுத்தேன்.

"யாரும்மா அது? இன்னாத்துக்குப் படம் புடிச்சிகினு கீற?"

நான் சந்தேகப்பட்ட அந்த நெசவுக்காரரேதான். அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டார்.

"பின்சந்துப் பொண்ணுங்கண்ணே. இங்க ஆடினவ. கோர்ட்டதான் எடுக்கறேன்."

"கோர்ட் எங்க கீது? பாவுதான கீது."

பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி சிரித்தார். "நூல் சுத்துறவ பொண்ணு இல்ல இது? வேலூர்ல எந்தக் கடைக்காரன் அனுப்பிச்சானோ. பெரிய படிப்பு, பெரிய கேமரா."

அப்போதுதான் புரிந்தது. அந்த ரோஸும் பச்சையும் இந்த சீசனுக்கான புது ஜோடிக் கலர். சீசனுக்கு முன்னால் படம் வெளியே போனால், பவர்லூமில் அதே சேலை பாதி விலைக்கு வந்துவிடும். நான் டிசைன் திருட வந்தவள் என்று நினைக்கிறார்கள். கல்லைப் பற்றி நான் கேட்காமலிருக்கத்தான் இந்தப் பேச்சு என்று எனக்குத் தோன்றியது.

"அந்தக் கல்லு எதுக்குண்ணே?"

"பாவு கட்டறதுக்கு. மரக்குச்சி நட்டா ஆடிகினே கீது."

"அதுக்கு ரெண்டு கோடியில நட்டா போதுமே. நாலு மூலை எதுக்கு?"

"நீ சர்வேக்கு வந்தியா, படம் எடுக்க வந்தியா?"

கேமராவைக் கறுப்புவெள்ளைக்கு மாற்றி இன்னொரு படம் எடுத்துக் காட்டினேன். "கலரே தெரியாதுங்கண்ணே."

கஞ்சிக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "பார்டர்ல எத்தினி பட்டைன்னு எண்ணலாமே. அழி."

எண்ண முடிந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். எல்லாவற்றையும் அவர் பார்க்க அழித்தேன்.

"பாவு சுத்தினப்புறம் வந்து எடுத்துக்க," என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயே நின்றேன். போனால் அதற்குள் கற்களின் மேல் எதையாவது போட்டு மூடிவிடுவார்களோ என்று பயம்.

வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். வெறும் தரை, வலையில்லாத கம்பங்கள். நான் சர்வீஸ் போட்ட மூலைக்குப் பின்னால் தள்ளி நின்று, வேண்டுமென்றே நாலு கல்லும் படத்தில் விழுகிற மாதிரி கேமராவைப் பிடித்தேன்.

"இரும்மா."

குறுக்கே வந்தார். கல்லை மறைத்து நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கோர்ட்டின் நடுவில் குனிந்து, விரல்நீள ரோஸ் நூல் ஒன்றைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டார். வேறு ஏதாவது கிடக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய், ஒரு மஞ்சள் கல்லின்மேல் காலைத் தூக்கி வைத்து நின்றார்.

"இப்ப எடு."

எடுத்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது. என் கோர்ட் முழுசாக அதில் இருக்கிறது. ஒரு துண்டு நூலை மறைத்தவர் கற்களை மறைக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் அந்தக் காலைத்தான் பார்க்கிறேன். ஒளிக்க எதுவும் இல்லாததால் வைத்த காலா, தன் இடம் என்று வைத்த காலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.