சுருங்காத கை

எனக்குத் துணி சுருங்கினால் ஆகாது. பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற க்யூசி வேலை செய்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? துவைத்துக் காயவைத்த சட்டையை மேசையில் விரித்து, டேப் வைத்து அளந்து, அளவு குறைந்திருந்தால் லாட்டையே திருப்பி அனுப்புவேன். துணி சுருங்காமலிருக்கக் காம்பேக்டிங் போடுகிறவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவார்கள். போகட்டும்.

அதனால்தான், டீஷர்ட் உடம்பை இறுக்கிப் பிடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. காம்பேக்டிங்கில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து வைதோம். திருப்பூரில் எங்களைப் போன்றவர்கள் கடைக்குப் போய் அளவு சொல்லிப் பனியன் வாங்குவதில்லை. எக்ஸ்போர்ட் மிச்சம், செகண்ட்ஸ், லேபிள் வெட்டியது என்று கைக்கு வந்ததைப் போட்டுக்கொள்வோம். ஒன்று பிடித்தால் அதைவிடப் பெரிசு, அதுவும் பிடித்தால் அதற்கடுத்தது. ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிற வீட்டில் அவருடைய அளவு என்னவென்று யாருக்கும் தெரியாது. காலில் எப்போதும் ரப்பர் செருப்பு, அதை யார் அளந்தார்கள்? மோதிரம் மெஷினில் மாட்டிவிடும் என்று எப்போதோ பீரோவுக்குள் போய்விட்டது. குறட்டை கூரையைப் பிய்த்தது. வேர்த்து ஊற்றியது. தலைவலி என்று வந்ததும் படுத்துவிடுவார். கம்பெனி விட்டு வருகிற யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை? எனக்கும்தான் வலித்தது.

அவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காக விரித்த துணியை ஓடுகிற கத்தியால் வெட்டுகிற வேலை. விரல் போய்விடாமலிருக்க இடது கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கிளவுஸ் போட வேண்டும். யாரும் போட மாட்டார்கள், கை வேர்க்கும், துணி வழுக்கும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் கம்பெனியைச் சோதிக்க, ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் எல்லோரும் மாஸ்க்கும் கிளவுஸுமாக நல்ல பிள்ளைகளாக நிற்பார்கள். அந்த ஆளின் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி எறிவார்கள். போன ஆடிட்டில் அவருக்கு அது சரியாக இருந்தது. இந்த முறை விரல் மூட்டோடு நின்றுவிட்டது. வந்த ஆள் பார்த்துக்கொண்டே நிற்கிறார், இவர் இழுக்கிறார், ஏறவில்லை. இருப்பதிலேயே பெரிய கிளவுஸ் அதுதான். அது ஏறாமல் இனி கத்தியைத் தொடக் கூடாது என்று சொல்லி, மேனேஜர் இவரை அன்றைக்கே பண்டல் கட்டுகிற மூலைக்கு மாற்றிவிட்டார்.

சாயங்காலம் அந்தக் கிளவுஸைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

“சுருங்கிப் போச்சு அம்மிணி” என்றார், வழக்கம்போல.

வாங்கிப் பார்த்தேன். வளையம் வளையமாக இரும்பு.

“இரும்பு எப்படீங்க சுருங்கும்?”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் அன்றைக்குத்தான் அந்தக் கையை ஒழுங்காகப் பார்த்தேன். விரலெல்லாம் தடித்திருந்ததைக் கண்டு, மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கோயமுத்தூரில் டாக்டரம்மா முதலில் கேட்டது பழைய போட்டோ. கம்பெனி அடையாள அட்டையை நீட்டினேன். அதையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு, தாடை, புருவத்து எலும்பு எல்லாம் பெருத்திருந்தன. தினமும் சோறு போட்டவளுக்குத் தெரியாதது அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது. ஸ்கேனில் மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில், சின்னக் கட்டி. மூக்கு வழியாகவே போய் எடுத்தார்கள்.

எடுத்த கட்டியைப் பரிசோதித்த முடிவு வந்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து சேதி வருமாம். அது செல்லுக்குள் நுழையாது, வாசலோடு சரி. உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிற ஜி புரதம்தான் அதை வாங்கி உள்ளே சொல்லும். அதில் மூன்று துண்டு, ஓடியாடி வேலை செய்வது ஆல்ஃபா என்கிற துண்டு. சேதி வந்ததும் அது ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் விட்டு விலகிப் போய் வேலையைத் தொடங்கிவைக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தத் துணுக்கைத் தானே உடைத்துவிட்டு அடங்கும். இவருக்கு எங்கோ ஒரு செல்லில், அந்த ஆல்ஃபாவில் ஒரே ஒரு இடம் மாறிப்போய், உடைக்க முடியாமல் ஆகிவிட்டது. அந்தச் செல் பெருகித்தான் கட்டி, அது ஓயாமல் சுரந்த ஹார்மோனில்தான் கையும் முகமும் வளர்ந்தன.

பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் தைத்துக்கொண்டே ஓடுகிற பவர் மெஷின் என்று எனக்குப் புரிந்தது. காலராவின் விஷமும் குடலில் இதே ஆல்ஃபாவைத்தான் அடங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறதாம், அதனால்தான் உடம்புத் தண்ணீரெல்லாம் வெளியே போகிறது. சிலருக்கு நேர்மாறாக இந்த ஆல்ஃபா பாதிதான் இருக்குமாம். ஹார்மோன் நிறைய இருந்தும் செல்லுக்குக் காது கேட்காது. கேட்கக் கேட்க எனக்கு அலுப்பாக வந்தது. இவ்வளவு சின்னது இவ்வளவு பாடு படுத்துமா? பிள்ளைக்கு வருமா என்று கேட்டேன். பிறப்பிலேயே வந்ததில்லை, வராது என்றார். அந்த ஒரு வார்த்தைக்குக் கும்பிட்டேன்.

இவர் கேட்டது வேறு.

“கை பழையபடி ஆகுமுங்களா?”

“சதை வீக்கம் வத்தும்ங்க. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான்.”

வீக்கம் வற்றத்தான் செய்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது, குறட்டை அடங்கியது. பண்டல் கட்டப் போய்வந்துகொண்டே காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கிளவுஸை மாட்டிப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி அடுப்படியில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் கையை நீட்டுவார், டேப்பைச் சுற்றி அளப்பேன். சுருக்கத்தைக் கண்டாலே லாட்டைத் திருப்பி அனுப்புகிறவள், ஒரு நூல் சுருங்கினால் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டு அளந்தேன். முதலில் குறைந்தது. அப்புறம் குறைவது நின்றுபோனது.

போன ஞாயிறும் அளந்தேன். டேப் அதே கோட்டில் நின்றது. முந்தின வாரமும் அங்கேதான், அதற்கு முந்தின வாரமும் அங்கேதான்.

“கொஞ்சம் சுருங்கியிருக்குதுங்க” என்றேன். மேசையில் யாருக்காகவும் ஒரு பீஸைக்கூட அப்படிப் பாஸ் செய்தவளில்லை நான்.

அவர் டேப்பைப் பார்க்கவேயில்லை. கிளவுஸை மடித்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

“நாளைக்குப் போறப்போ இதை ஸ்டோர்ல குடுத்துரு அம்மிணி. புதுசா வர்ற மாஸ்டருக்கு ஆகும்.”