தபால் சைக்கிளும் ஒன்பதரை மினிபஸ்ஸும்

கிராமத்துத் தபால் வேலையில் சைக்கிள் மிதிப்பதுகூடப் பெரிதில்லை. முதுகுக்குப் பின்னால் வரும் ஹாரனுக்குத்தான் தனியாகப் படி கொடுக்க வேண்டும். ஓரங்கட்டி ஓரங்கட்டியே ஊர் போய்ச் சேருகிற சைக்கிள்கார அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேற்றில் முதல் நாள்

கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் எனக்கு. வேலையில் சேர்ந்த அன்றே ஒன்பதரை மினிபஸ் பின்னால் வந்து அலறியது. பதறிப்போய் ஓரத்துச் சேற்றில் இறங்கி, பையோடு சாய்ந்தேன். டிரைவர் முருகேசன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, தபாலு நாளைக்குப் போனாக் குடியா முழுகிரும்? எனக்கு டைமிங் போகுதுல்ல!"

பாதி ரோட்டில் நெல்

அறுவடை வந்தால் எங்கள் பக்கம் தார் ரோட்டில் பாதி, நெல் காயும் களமாகிவிடும். மீதிப் பாதியில் நான் முன்னால், பஸ் பின்னால். அன்று இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஹாரன் காதைக் கிழித்தது, ஆனாலும் மிதித்தேன்! பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். பொறுக்க முடியாமல் முருகேசன் ஸ்டியரிங்கை நெல் பக்கம் ஒடித்தார். நெல் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மா பலகையோடு குறுக்கே வந்து நின்றார்.

"டயரு நெல்லுல பட்டுச்சு, டிக்கெட் எடுத்தவங்களையும் சேத்து அள்ள வச்சிருவேன், ஆமா!"

என் பையில் அவர் லைசென்ஸ்

அந்த வாரமே முருகேசன் பெயருக்கு ஸ்பீடு போஸ்ட் வந்தது, புதுப்பித்த லைசென்ஸ். விடியுமுன் கிளம்பிவிடுகிற ஆள். வீடு எப்போதும் பூட்டு. வீட்டில்தான் கொடுப்பேன் என்று நானும் வீம்பாக மூன்று நாள் திரும்பினேன். லைசென்ஸ் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் வேறு டிரைவர் என்று ஓனர் சொல்லிவிட்டதாக டீக்கடையில் பேச்சு. நாலாம் நாளும் கொடுக்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அனுப்பிவிடலாமா என்று ஆசை வந்ததை மறைக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் அதே ஹாரன்! நடு ரோட்டில் ஸ்டாண்ட் போட்டேன். சண்டைக்கு இறங்கி ஓடி வந்தவரிடம் உறையை நீட்டினேன். பெயரைப் படித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. என் போனில் விரலால் கையெழுத்துப் போட்டார். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. "அண்ணே, டைமிங் போகுது!" என்று படியில் நின்று கத்தினார் கண்டக்டர். முருகேசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போனாப் போகட்டும்டா, தபாலு முக்கியம்!"

இப்போதெல்லாம் அவர் ஹாரன் அடிக்காமல் என் பின்னாலேயே வருகிறார். மற்ற வண்டிக்காரர்களின் லைசென்ஸெல்லாம் எப்போது காலாவதியாகும் என்பதுதான் இனி என் கவலை.