நிப்பாட்டச் சொன்னது ஆர்?

யாக்கோப்பு அண்ணை மன்னாரிலிருந்து லண்டனுக்கு வந்தவர். வால்தம்ஸ்டோவில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் அவரும் அவருடைய மனைவி பிலோமினம்மாவும் நானும் ஒரே ஷிப்டில் வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணை நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனுசன் சபாரத்தினம் முன்னறையில் நடத்திய இடதுசாரிக் கூட்டத்துக்குத்தான்.

எனக்கு அந்தக் கூட்டத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. கிழமை முழுக்கப் போறணை அடுப்புச் சூட்டில் வெந்துவிட்டு ஒரு நாளாவது காலை நீட்டி இருப்போம் என்றால், தொழிலாளி வர்க்கத்துக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். மனுசன் கவுன்சிலில் கிளாக். வீட்டில் ரொட்டி சுடும்போதுகூட மாவைத் தொட்டதில்லை. திட்டமிட்ட பொருளாதார நாடுகளில் உற்பத்தி எப்படி ஏறியது என்று பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். எங்கள் கலியாணப் படம் தொங்கிய ஆணியில்.

யாக்கோப்பு அண்ணை அதை மாதா சுரூபத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்பதுகளில் இங்கே தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார்கள். அரசே திட்டம் போட்டு, அரசே ஆலை கட்டி, ஒருவரையும் வேலையால் நிறுத்தாத நாடு ஒன்று உண்டென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அங்கே தொழிலாளிதான் முதலாளி என்பார் அண்ணை.

1987இல் தொழிற்சங்கம் ஒரு குழுவைக் கிழக்கு ஜேர்மனிக்கு அனுப்பியபோது அண்ணையும் போனார். அங்கே ஒரு பாண் தொழிற்சாலையைக் காட்டினார்கள். அதே தொழிற்சாலையில்தான் என் மனுசன் தோழர்களைப் பிடித்து ஒரு பயிற்சி இடம் கேட்டிருந்தார். பிலோமினம்மாவின் அக்கா மகன் கிறிஸ்துராஜாவுக்கு. ஊரில் சண்டை. இளந்தாரிப் பிள்ளையை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும்.

திரும்பி வந்த ஞாயிறு அண்ணைதான் கூட்டத்தில் பேச வேண்டும். அதற்கு முன் நான் தேத்தண்ணி ஊற்றிய குசினிக்குள் வந்து நின்றார். முகம் சரியில்லை.

பிள்ளைகளைப் பார்க்கும் இடம், மலிவு வாடகை, சம்பளத்தோடு லீவு எல்லாம் உண்மையாம். ஆனால் பாண் வெட்டும் மெஷினின் மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும் அல்லவா? அங்கே அப்படி நிறுத்தும் சுவிட்சைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்களாம். மூடி திறந்தபடி பிளேடுகள் ஓட, ஒரு பெண் கையை விட்டுச் சிக்கிய பாணை எடுத்தாளாம். அந்தக் கையில் இரண்டு விரல் இல்லை. ஒருமுறை அவள் பொத்தானை அமர்த்தி மெஷினை நிறுத்தியிருக்கிறாள். மேற்பார்வையாளர் வந்து மெதுவாக ஏதோ கேட்டிருக்கிறார். அவள் தலையைக் குனிந்து மறுபடி ஓடவிட்டாளாம். என்ன கேட்டார் என்று அண்ணை விசாரிக்க, சுகம் கேட்டார் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தின் ஓசை மட்டும் அண்ணைக்கு மனப்பாடமாகிவிட்டது.

“எல்லாம் குடுக்கினம் தங்கச்சி. மெஷினை நிப்பாட்டுற உரிமை ஒண்டுதான் இல்லை,” என்றார்.

“அதைப் போய் உள்ளுக்குச் சொல்லுங்கோ அண்ணை. வாயில கொழுக்கட்டையே?”

“சொன்னா பெடியன்ர இடம் போயிடும்.”

முன்னறைக்குப் போய் வாடகையைப் பற்றியும் லீவைப் பற்றியும் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். என் மனுசன் எழும்பி, ஏறிப்போகும் கோட்டில் விரலை வைத்து விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவருக்கும் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தேன்.

கிறிஸ்துராஜா அங்கே போனான். அவன் போய் ஒன்றிரண்டு வருசத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. எங்கள் சுவரில் கலியாணப் படம் திரும்ப ஏறியது. கூட்டமும் நின்றது. 1991இல் அவன் லண்டனுக்கு வந்து சேர்ந்தான். பிலோமினம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அண்ணை முதலில் பார்த்தது அவனுடைய விரல்களை. எல்லாம் இருந்தன.

அன்றைக்கே அந்த ஜேர்மன் வசனத்தைச் சொல்லி அர்த்தம் கேட்டார். பெடியன் சிரித்தான்.

“‘நிப்பாட்டச் சொன்னது ஆர்?’ எண்டு அர்த்தம் சித்தப்பா. நானே எத்தினை பேரிட்டைக் கேட்டிருப்பன். கடைசியில என்னை மேற்பார்வைக்கு விட்டவை.”

அண்ணை சிரிக்கவில்லை.

பெடியன் கெட்டிக்காரன். எங்கள் தொழிற்சாலையிலேயே சேர்ந்து கெதியாக எங்களுக்கு மேலாளாகிவிட்டான். இங்கே திட்டம் போட அரசு இல்லை, முதலாளி போட்டார். கிழமைக்குக் கிழமை வெட்ட வேண்டிய பாணின் தொகை ஏறியது. பாண் சிக்கும்போதெல்லாம் மூடியைத் திறக்க மெஷின் நிற்கிறது, நேரம் போகிறது என்று கிறிஸ்துராஜா அந்தச் சுவிட்சைக் கறுப்பு டேப்பால் ஒட்டிவிட்டான். அந்த மெஷினில் நின்றது அவனுடைய சின்னம்மா. அண்ணை எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். தொகை வராவிட்டால் இதையும் மூடிவிடுவார்கள், பிறகு எல்லோரும் அரசாங்கத்தின் பெனிபிட் காசில்தான் இருக்க வேண்டும் என்றான். அவன் சொன்னதிலும் பொய்யில்லை.

மெஷின்களை எல்லாம் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அடுத்த வரிசைத் தூணில் இருந்தது. அண்ணை அந்த வரிசையில் நின்றதால் பிலோமினம்மா பயமில்லாமல் கையை விடுவாள்.

ஒரு காலை அவளுடைய கையுறை பிளேட்டில் மாட்டியது. அண்ணை பாய்ந்து பொத்தானை அடித்தார். கையுறை கிழிந்தது, தோல் கிழியவில்லை. தொழிற்சாலை முழுவதும் அப்படியே நின்றது.

அந்தத் தொங்கல் மூலையிலிருந்து கிறிஸ்துராஜா நடந்து வந்தான். குரலை உயர்த்தவில்லை.

“சித்தப்பா, நிப்பாட்டச் சொன்னது ஆர்?”

கேட்ட பிறகு அவனுக்கே முகம் வெளிறியது. அண்ணை பிலோமினம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. அது முதலாளித்துவத்தின் குணம் என்று வீட்டில் என் மனுசன் விளக்கம் தொடங்கினார். பத்து விரலும் உள்ள ஆள் வாயை மூடுங்கோ என்றேன்.

பிலோமினம்மாவின் இடத்தில் இப்போது என்னை விட்டிருக்கிறார்கள். டேப் இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது. கிறிஸ்துராஜா என்னைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்க்கிறான். பொத்தான் எனக்கு எட்டாது, அடுத்த வரிசையில் ஆள் நிற்க வேண்டும். அண்ணையின் இடத்துக்கு இன்னும் ஒருவரையும் போடவில்லை.