மறியலால் வந்தவனின் தண்ணீர் முறை

குற்றம் செய்தவன் திருந்துவானா, அவனை என்ன செய்யலாம் என்று படித்தவர்கள் பெரிய புத்தகங்கள் எழுதுகிறார்களாம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கிளிநொச்சிக் காட்டில் ஐந்து ஏக்கரை என் கையால் வெட்டி வயலாக்கியவன். எங்கள் குடியேற்றத்தில் முதல் கல்வீடு என்னுடையதுதான். தனியன் யானைக்கு முன்னால் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு மனிதனுக்குப் பயந்து ஒன்பது நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவன் என் வயலுக்கு அடுத்த வயல்காரன். என்னைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவன். ஐம்பதுகளின் நடுவில் ஒரு சிறுபோகத்தில், தண்ணீர் குறைந்த கோடை விதைப்பில், வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டையில், தனக்கு அடுத்த வயல்காரரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். மூன்று வரம்பு தள்ளி நின்று நான் கண்டேன். யாழ்ப்பாணத்துக் கோட்டில் சாட்சி சொன்னேன். அவனை மறியலில், சிறையில், போட்டார்கள். அன்றிலிருந்து தேத்தண்ணீர்க் கடையிலும் சங்கக்கடையிலும், "என்ரை ஒரு சொல்லிலை உள்ளை போனவன்" என்று சொல்லாத நாளில்லை. அந்தக் கதை மறியலுக்குள்ளும் போகும் என்று நான் நினைக்கவேயில்லை.

ஆறு வருஷம் கழித்து, ஒழுங்காக நடந்தான் என்று வேளைக்கே விட்டார்கள். பஸ்ஸால் இறங்கி, ஒரு சின்னப் பெட்டியோடு என் படலையைக் கடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பது நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர். முறை மாறும்போது இரண்டு பேரும் நிற்க வேண்டும். முடித்தவன் தன் மடையை அடைக்க, அடுத்தவன் பார்த்து நின்று, பிறகு தன் மடையை வெட்டுவான். களவு என்று ஒருவரும் பிறகு சொல்லக் கூடாது என்பதற்காக. என் முறைக்கு அடுத்தது அவனுடைய முறை; அவன் வந்த ஒன்பதாம் நாள் அது மாறும். அதாவது நான் குனிந்து மடையை அடைக்கும்போது, அவன் மண்வெட்டியோடு எனக்குப் பின்னால் நிற்பான்.

"ஆளைப் பிடிச்சு விடுவமோ? கூலிக்காரன் அடைக்கட்டும்" என்றேன் மனைவியிடம்.

"ஊரெல்லாம் மார்தட்டினீங்கள். இப்ப போய்த் தண்ணியைக் குடுங்கோ" என்றாள். ஆனால் முறை மாறும் அன்று காலை அவளே என் இடுப்புக் கத்தியைத் தீட்டி வைத்திருந்தாள்.

பத்து மணி வெயிலில் வந்தான். மெலிந்து, தலை நரைத்திருந்தான். தோளில் மண்வெட்டி.

"அடையுங்கோ அண்ணை."

குனிந்தேன். பிடரியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மண்ணை வெட்டி வெட்டிப் போட்டேன், ஒன்றும் பிடிக்கவில்லை.

"கசியுது" என்றான். கிட்ட வந்தான். அவனுடைய மண்வெட்டி உயர்ந்ததைத் தண்ணீரில் நிழலாகக் கண்டேன். கண்ணை மூடிவிட்டேன். தொப்பென்று ஒரு மண்கட்டி மடையில் விழுந்தது. தண்ணீர் நின்றது.

"அண்ணை, அண்டைக்கு அவர்தான் முதல் என்ரை தோளிலை அடிச்சவர். நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"ஓம்."

"கோட்டிலை ஏன் சொல்லேல்லை?"

"நீ அடிச்சதைக் கண்டனானோ எண்டுதான் அப்புக்காத்து கேட்டவர். மற்றதைக் கேக்கேல்லை."

அவன் மண்வெட்டியை வரம்பில் ஊன்றினான்.

"மறியலுக்கை ஒவ்வொரு நாளும் உங்களைத்தான் நினைச்சனான். வெட்டவேணும் எண்டுதான் நினைச்சனான், பொய் சொல்லமாட்டன். இப்ப அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தண்ணிக் கூட்டத்திலை என்ரை முறையை வாய்க்கால் கடைசிக்குத் தள்ளப்போறாங்கள். சிறுபோகத்திலை அங்கை தண்ணி வராது, உங்களுக்குத் தெரியும். இந்தக் காணியும் போனால் மனிசியோடை எங்கை போறது? நான் கொல்லேல்லை எண்டு சொல்லச் சொல்லேல்லை. கொலை செய்தனான்தான். கண்டதை முழுக்கச் சொல்லுங்கோ, அது போதும்."

வெட்டியிருந்தால் பயம் அன்றோடு முடிந்திருக்கும். இப்போது பயம் இரண்டாகிவிட்டது. சொல்லாவிட்டால் இவன். சொன்னால் இறந்தவரின் தம்பிமார் மூன்று பேர். முறையைத் தள்ளச் சொல்லிக் கேட்டவர்களே அவர்கள்தான். அதற்கு மேல், ஆறு வருஷம் நான் அடித்த பெருமைக் கதை.

தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டவிதானையின் வளவில், மருதமரத்துக்குக் கீழே கூட்டம். தம்பிமாரில் மூத்தவன் எழுந்தான்.

"கொலைகாரனுக்குப் பக்கத்திலை நிண்டு நாங்கள் மடை வெட்டேலாது. அவன் கடைசிக்குப் போகட்டும்."

ஆட்கள் தலையாட்டினார்கள். வட்டவிதானை கொப்பியைத் திறந்தார். நான் எழுந்தேன்.

"செத்தவர் அண்டைக்கு நேரத்துக்கு முதலே வந்து மடையை வெட்டினவர். இவன் மறிக்க, அவர்தான் முதல் அடிச்சவர். இவன் பிறகுதான் அடிச்சவன். நான் கண்டனான். கோட்டிலை பாதியைத்தான் சொன்னனான்."

பெண்கள் பக்கத்திலிருந்து இறந்தவரின் மனைவி எழுந்தார்.

"உம்மடை பாதியைக் கேட்டுத்தானே, இவ்வளவு காலமும் நான் இவன்ரை மனிசியின்ரை முகத்திலை முழிக்கேல்லை. அந்தப் பெட்டை என்ன செய்தவள்?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

வட்டவிதானை அவனுடைய முறையைப் பழைய இடத்திலேயே, எனக்கு அடுத்ததாக எழுதினார். அவன் என்னைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்கவில்லை. தம்பிமார் மூவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்குப் போகும் பாதை அவர்களுடைய வளவைத் தாண்டித்தான் போகிறது. சைக்கிளில் ஏறப் பார்த்தேன்; முடியவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தேன்.