ஃபலேசியின் களை

ஃபலேசி ஊரார் காட்டுக் களையையெல்லாம் எடுத்தாள். தன் காட்டுக்கு மட்டும் அவளுக்கு நாள் வாய்க்கவில்லை.

எங்கள் கசுங்கு மாவட்டத்துப் பக்கம் எல்லாமே மானாவாரி. மழை விழுந்தால் எல்லார் காட்டிலும் மக்காச்சோளமும் களையும் சேர்ந்தே எழும். அதே மாதம்தான் குதிரும் காலியாகும். குதிரில் தானியம் உள்ளவன் தன் காட்டில் இறங்குவான், இல்லாதவள் அவன் காட்டில் இறங்குவாள். ஃபலேசியின் புருஷன் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் போனவன், பேச்சு மூச்சில்லை. அவளும் மகள் தெலேசாவும், குதிர் காலியாகாத ஜோலியாமுவின் காட்டில் களை கொத்தி, கூலிக்கு மாவு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பக்கத்துக் காட்டுக்காரி நான். அவள் காட்டில் புல் மண்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

"ஏண்டி, உன் காட்டுல சோளத்தைத் தேடணும் போலிருக்கே!"

"கூலியில்லாத நாளுக்குக் கொஞ்சம் மாவு சேத்துட்டா இறங்கிடுவேன்க்கா."

சேர்த்தும்விட்டாள். தாயும் மகளும் அரை வயிறாகக் கிடந்து சேர்த்த ஒரு கூடை மாவு. விடிந்தால் களைவெட்டு என்றிருந்தபோது தச்சர் பிலிமோன் செத்துப்போனார். பிணம் மண்ணுக்குள் போகும்வரை எங்கள் ஊரில் யாரும் மண்வெட்டி தொடக் கூடாது. வந்தவர்களுக்குக் களி கிண்ட வீட்டுக்கு வீடு மாவும் தர வேண்டும். பட்டணத்து மகன்கள் வந்து சேர்வதற்குள் நாட்கள் ஓடின.

சாவு வீட்டுக்குக் கூடையோடு வந்த ஃபலேசியை ஓரமாக இழுத்தேன். "ஒரு தட்டு போதும்டி, பைத்தியக்காரி."

"எங்கம்மாவுக்குச் சவப்பெட்டி செஞ்சவரு அக்கா. கூலி வாங்கலையே."

"அதுக்கு நீ சாகணுமா?"

பாதியைக் கொட்டிவிட்டுப் போனாள். மீதி, காத்திருந்த நாட்களில் கரைந்தது.

புதைத்த மறுநாள் காட்டில் இறங்கினாள். புல் சோளத்தின் இடுப்பு வரை ஏறியிருந்தது. உச்சிவெயிலில் தெலேசா மயங்கி விழுந்தாள். அடுத்த நாள் இருவரும் மறுபடி ஜோலியாமு காட்டில் நின்றார்கள். வேறென்ன செய்வாள்?

கதிர் வைக்க வேண்டிய நேரத்தில் ஜோலியாமுவே வந்து அவள் காட்டைப் பார்த்தார். பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன்.

"இதுல இனி ஒண்ணும் தேறாதும்மா. என் ஆடுகளுக்கு வெட்டிக் குடு. ஒரு கூடை மாவு தரேன்."

நானும் அரிவாளோடு போனேன். "வேண்டாம்க்கா" என்று தடுத்துவிட்டாள். வரப்பில் உட்கார்ந்து நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. பொழுது சாயும்வரை குனிந்தவள் நிமிராமல் பயிரை வெட்டினாள். தன் காட்டில் அவள் முழுநாள் வேலை செய்தது அன்றைக்குத்தான்.